அய்யே… பிரேக் பிடிக்கவா?

இலங்கை மலையகத்து ஹட்டன் பஜாரில் அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. மழையோ கொட்டுவதும் இல்லை, நிற்பதும் இல்லை… சும்மா நச்சரித்துக்கொண்டே இருந்தது. சிவகரன் கடையின் பெயர்ப்பலகையைத் தார்ப்பாய் மூடியிருந்தது. உள்ளே சாமி படத்துக்கு மேல் எப்போதும் எரிகிற சின்னச் சிவப்பு பல்பும் எரியவில்லை. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அடுத்து நடந்த கூத்துக்கு இவைதான் காரணம். சிவகரனை மட்டும் குறை சொல்லிவிடாதீர்கள்… கொஞ்சமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

வாசலில் ஒரு பெரிய கறுப்பு ஜீப் வந்து நின்றது. நின்றது என்றா சொன்னேன்… முன்சக்கரத்தில் இரும்பை இரும்பு தேய்க்கிற சத்தத்தோடு, நிற்க மனசே இல்லாமல் நின்றது. பின்கண்ணாடியில் சிங்கள எழுத்தோடு ஒரு புத்தர் ஸ்டிக்கர். அதிலிருந்து தொப்பியும் ஜீன்ஸுமாக ஒருத்தி இறங்கி வந்தாள். இமையில் ஒரு மழைத்துளி. அதைத் துடைக்காமலே கவுண்டரில் நின்ற சிவகரனைப் பார்த்தாள்.

சிவகரன் திருச்சியில் சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்து, அங்கேயே படித்து, அங்கேயே வேலையும் பார்த்தவன். அப்பாவின் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குத் திரும்பி வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. சிங்களம், கடைக் கவுண்டரில் நின்று கற்றுக்கொண்ட சிங்களம்.

"மொனவத ஓனே?" என்றான். என்ன வேண்டும் என்று கேட்கிறானாம்.

"பிரேக் பேட் தியெனவாத, அய்யே?"

பிரேக் பேட் இருக்கிறதா அண்ணா என்று அர்த்தம். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன், கூப்பிடும்போது அய்யே. கடைக்காரர், பஸ் கண்டக்டர், தேங்காய் விற்கிறவர்… எல்லாருக்கும் அதுதான் மரியாதை. சிவகரனுக்கும் அது தெரியும். ஆனால் அவள் வாயில் அந்தக் கடைசி 'யே' கொஞ்சம் நீண்டது போல இருந்தது… அல்லது மழைச் சத்தமோ என்னவோ, அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை.

சிங்களத்திலேயே பேச்சு ஓடியது. மலைக்கு யாத்திரை போகிற ஆட்களை மஸ்கெலியாவில் இறக்கிவிட்டு வருகிறாளாம். இறக்கத்தில் பிரேக் கத்த ஆரம்பித்துவிட்டதாம். சிவகரன் தலையைச் சொறிந்தான். "ஓனரைப் பேசச் சொல்லுங்க, எந்த மாதிரி வேணும்னு அவர்ட்ட கேட்டுக்கிறேன்" என்று சிங்களத்தில் சொல்லி வைத்தான்.

அந்தக் கண்கள் சுருங்கின.

"ஓனர் மம தமாய்" என்றாள். நான்தான் ஓனர்.

தப்பாகிவிட்டதே என்று அவசரமாக உள்ளே ஓடினான். வாசலில் கேட்ட சத்தத்துக்கு டிஸ்க்கும் தேய்ந்திருக்கும் என்று இரண்டு டிஸ்க்குகளைத் தூக்கி வந்து கவுண்டரில் வைத்தான். பிரேக் பேட் கவ்விப் பிடிக்கிற இரும்புத் தட்டு அது, ஒவ்வொன்றும் நல்ல கனம். கோபத்தில் ஒன்றை வெடுக்கென்று எடுத்தவள் கை வழுக்கி, டிஸ்க் நேராகப் போய் அவள் பாதத்தின் மேல் விழுந்தது.

"அட கட்டையில போக…" என்று காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சிவகரன் கவுண்டருக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"நீங்க… தமிழா?"

"நீங்க தமிழா?"

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. கால் வலியோடு வந்த சிரிப்பு… கண்ணில் தண்ணீர்கூட நின்றது.

"கடையில ஒரு சாமி படத்துக்கு வெளக்கு இல்ல, நெத்தியில திருநீறு இல்ல… நான் என்னத்தக் கண்டேன்."

"ஜீப்புல புத்தர் ஒட்டியிருக்கு… நான் மட்டும் என்னத்தக் கண்டேன்."

"அது பழைய ஓனர் ஒட்டுனதுங்க. சாமிய எப்பிடிங்க சொரண்டி எடுக்குறது? நான் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்க. பேரு பிரியந்தி."

பேரும் இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற பேர். சிவகரனுக்குக் குழப்பமாக இருந்தது. ஆனால் மனசு ஏனோ குதித்தது. தமிழ்ப் பெண்… நம்ம பக்கத்துப் பெண்… என்று ஓடிய மனசை அவளே தடுத்து நிறுத்தினாள்.

"சரி சொல்லுங்கண்ணே… எந்த பேட் நல்லது?"

அண்ணே. மொழி மாறியதும் மரியாதையும் மொழிபெயர்ந்துவிட்டது. சிங்களத்தில் இனித்தது தமிழில் நெஞ்சில் வந்து இடித்தது.

"ரெண்டு விதம் இருக்குங்க" என்றான், குரல் இறங்கி. "மெத்துன்னு இருக்கிறது உடனே புடிக்கும், சீக்கிரம் தேஞ்சிரும். கெட்டியா இருக்கிறது சூடேறுனாலும் தாங்கும், ரொம்ப நாள் வரும். ஆனா ஆரம்பத்துல கத்தும்."

"நம்ம ரோட்டுக்கு?"

"ஏழு பேர ஏத்திக்கிட்டு மலையில எறங்குற வண்டிக்கு கெட்டியானதுதான் சரி. கத்துனா கத்திட்டுப் போகுது."

"டிஸ்க் எடது பக்கம் மட்டுந்தாங்க தேஞ்சிருக்கு. ஒண்ணு போதுமில்ல?"

"ஒத்தையா போடக்கூடாதுங்க. வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகும். இது ஜோடியாத்தான்…" என்று சொல்லி, சொன்னது காதில் விழுந்ததும் நிறுத்திக்கொண்டான். அவள் டிஸ்க்கைத் தடவிக்கொண்டே குனிந்திருந்தாள். முகம் தெரியவில்லை.

அந்த ஜீப்புக்கு இரண்டு அளவில் டிஸ்க் உண்டு. வண்டியின் சட்டத்தில் அடித்திருக்கிற செசி நம்பரைக் கேட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். சிவகரனுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் அவன் அவள் இமையைப் பார்த்தானே தவிர செசி நம்பரைக் கேட்கவில்லை. சின்ன டிஸ்க்கைக் கட்டிக் கொடுத்துவிட்டான். அவள் பதிலுக்குத் தன் விசிட்டிங் கார்டு ஒன்றைக் கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டு, "ஹயர் ஏதும் வந்தா சொல்லுங்கண்ணே" என்று வாடகை ஓட்டம் கேட்டுவிட்டுப் போனாள். 'பிரியந்தி டூர்ஸ், நானுஓயா.'

மறுநாள் போன் வந்தது.

"அண்ணே, நீங்க கடை நடத்துறீங்களா, கண்காட்சி நடத்துறீங்களா? டிஸ்க்கு வண்டியில நிக்கவே மாட்டேங்குது. பாஸ் சிரிக்கிறாரு."

பாஸ் என்றால் மெக்கானிக். நானுஓயா ஸ்டேஷனுக்குக் கீழே சுனில் பாஸின் கராஜில் ஜீப் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. ஒரு ஆளிடம் சாமானைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். சிவகரன் கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு, பெரிய டிஸ்க் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். தலவாக்கலை தாண்டுவதற்குள் தொடை மரத்துப் போனது. ஆனால் அவன் கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமை மாத்தளைக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். அப்பா வீரபத்திரன் எல்லாம் பேசி முடித்துவிட்டார். இவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே… அண்ணே என்று கூப்பிடுகிற ஒருத்தியை எப்படிக் காரணமாகச் சொல்வது?

கராஜில் அவனும் பிரியந்தியும் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். சுனில் பாஸ் டிஸ்க்கை மாட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அப்போது பின்கட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "அய்யே, தே பொன்ட என்ட" என்று தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டாள்.

"பாஸோட தங்கச்சிங்களா?" என்றான் சிவகரன்.

பிரியந்தி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"பொஞ்சாதிங்க."

"அய்யேன்னு கூப்புடுறாங்க?"

"சிங்களத்துல அப்பிடித்தாங்க. புருஷனையும் அய்யான்னுதான் கூப்புடுவாங்க. கல்யாணத்துக்கு முந்தி லவ் பண்றப்பவும் அதான். நான் கட்டுநாயக்கா கார்மெண்ட்ல வேலை பாத்தப்ப எங்கூட இருந்த புள்ளைங்க எல்லாம் போன்ல அய்யே அய்யேன்னு உருகுவாங்க. நானும் மொதல்ல உங்கள மாதிரித்தான்… பாசமான தங்கச்சிங்கன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிவகரன் சிரிக்கவில்லை. அன்றைக்குக் கடையில் முதன்முதலாகக் கூப்பிட்ட அந்த அய்யே எந்த அய்யே என்று அவன் தலைக்குள் ஒரே சுற்றாகச் சுற்றியது. கடைக்காரனுக்கான அய்யேதான். வேறு எதுவாக இருக்க முடியும்? ஆனால் அந்த 'யே' நீண்டதே…

சுனில் பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். பிரியந்தி மொழிபெயர்த்தாள்.

"பேடும் புதுசு, டிஸ்க்கும் புதுசாம். ஒண்ணுக்கொண்ணு பழகணுமாம். பழகுற வரைக்கும் கத்துமாம். பயந்துறக் கூடாதாம்… அவசரப்பட்டு அழுத்திறவும் கூடாதாம்."

பாஸ் சொன்னதை அவள் ஏன் இவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்? சிவகரனுக்கு வாயில் வந்தது வேறு, வெளியே விழுந்தது வேறு.

"ஞாயித்துக்கெழம மாத்தளைக்குப் போறோங்க. எனக்குப் பொண்ணு பாக்க."

போகாதீங்க என்று சொல்லிவிடு… என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றான். அவள் கண்ணில் ஏதோ ஒன்று வந்து, நிற்காமல் போனது. மழையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"நல்லதுங்கண்ணே" என்றாள்.

அவ்வளவுதான். திரும்பி வருகிற பஸ்ஸில் மடியில் தப்பான டிஸ்க்குகள். அன்று சாப்பிடும்போது அம்மா யோகேஸ்வரி துருவித் துருவிக் கேட்டாள். ராகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, கடைக்கு வந்தவள் என்று என்னென்னவோ உளறினான். பேரைச் சொல்லவில்லை, ஜீப்பைப் பற்றியும் சொல்லவில்லை.

இனிமேல்தான் வேடிக்கை. வழக்கமாகப் போகிற வேன் சனிக்கிழமை மக்கர் பண்ணிவிட்டது. வீரபத்திரன் கடைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்த கார்டைப் பார்த்தார். பிரியந்தி… நானுஓயா… சிங்களப் பிள்ளை போல என்று அவரும் முடிவு செய்துகொண்டு சிங்களத்திலேயே போன் பேசினார். அந்தப் பக்கமும் சிங்களத்திலேயே சரி என்றது. மகனைப் போலவேதான் அப்பாவும்… இல்லை, அப்பாவைப் போல மகன்.

ஞாயிறு காலை பட்டு வேட்டியும் சட்டையுமாகப் படியிறங்கிய சிவகரன், வாசலில் கறுப்பு ஜீப்பைக் கண்டதும் மூன்றாம் படியில் நின்றுவிட்டான். டிரைவர் சீட்டில் அவள். தொப்பி இல்லை. தலை நிறைய முடியை வாரிப் பின்னியிருந்தாள். அவனைப் பார்த்தாள்.

"ஹெமின் எலவண்ட நங்கி" என்றார் வீரபத்திரன். மெதுவாக ஓட்டு தங்கச்சி என்கிறார்.

"ஹரி மஹத்தயா" என்றாள் அவள். சரிங்க ஐயா.

இவள் ஏன் தமிழில் பேசவில்லை? நான் ஏன் சொல்லவில்லை? சிவகரனுக்கு ஒன்றும் புரியவில்லை. வேட்டி கசங்கிவிடும் என்று அம்மா அவனை முன்சீட்டில் உட்கார வைத்தாள். பின்னால் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி. பழத்தட்டும் பூவும் அவர்கள் மடியில்.

வண்டி வட்டவளை தாண்டி இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக் லேசாகக் கத்தியது. டிரைவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் பின்னால் பேச்சு தாராளமாக ஓடியது.

"ஏங்க, புள்ள மொகத்தப் பாருங்க" என்றாள் அம்மா. "பொண்ணு பாக்கப் போற மொகமா இது?"

"எல்லாம் அந்தத் தோட்டத்துப் பொண்ணால வந்தது" என்றார் அப்பா. "ஒரு டிஸ்க்கக் குடுக்குறதுக்கு கடையப் போட்டுட்டு நானுஓயா வரைக்கும் பஸ்ஸுல போயிருக்கான். ராகலைப் பக்கம் லயத்துல இருக்கிற பொண்ணாம்." லயம் என்றால் தோட்டத் தொழிலாளிகளுக்கான வரிசை வீடு, அதில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஒரே அறை.

"அப்பா…" என்றான் சிவகரன்.

"என்னடா அப்பா? லயத்துல ஒரு காம்பராவுல வளந்த புள்ள நம்ம வீட்டுக்குச் சரிப்பட்டு வருமா? நாளைக்கு நாலு பேரு என்ன கேப்பான்?"

ஸ்டியரிங்கில் இருந்த விரல்கள் இறுகின. சிவகரன் அதைப் பார்த்தான். அவனுக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. சொல்… இப்போதே சொல்… என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. என்னவென்று சொல்வது? அவள்தான் நல்லதுங்கண்ணே என்று சொல்லிவிட்டாளே.

"அந்தப் புள்ள மேல தப்பில்லைங்க" என்றாள் அம்மா. "இவன்தான் கெடந்து தவிக்கிறான். புடிச்சிருந்தா வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானடான்னேன். 'எப்பிடிம்மா கேக்குறது, அவ என்னைய அண்ணேங்கிறா'ன்னு அழுவாத கொறையா சொல்றான்."

சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிவகரன் கண்ணை மூடிக்கொண்டான். ஜீப்பிலிருந்து குதித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

கினிகத்தேனைச் சந்தி வரப் போகிறது. அங்கே திரும்பினால் நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி, மாத்தளை… அப்புறம் ஒரு பெண் பலகாரத் தட்டோடு வந்து நிற்பாள். எல்லாம் முடிந்துவிடும்.

"அய்யே…"

சிவகரன் கண்ணைத் திறந்தான். அவள் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தோரம் சிவந்திருந்தது.

"அய்யே… பிரேக் கஹன்டத?"

"என்ன கேக்குது அந்தப் புள்ள?" என்றார் அப்பா.

"பிரேக் புடிக்கவான்னு கேக்குதுண்ணே" என்றார் சித்தப்பா.

"எறக்கத்துல இதக் கேட்டுக்கிட்டா புடிப்பாங்க?"

சிவகரனுக்குக் காது அடைத்தது. அய்யே. கடைக்காரன் அய்யேவா? வண்டியில் ஏறினவருக்குக் கொடுக்கிற மரியாதையா? அல்லது… சுனில் பாஸைத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்ட அந்த அய்யேவா? 'யே' நீண்டதா? இந்த முறை மழை இல்லை. நீண்டுதான் இருந்தது.

"கஹன்ட" என்றான். பிறகு தமிழில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். "புடிங்க பிரியந்தி. இங்கயே நிப்பாட்டுங்க."

ஜீப் இடமும் இழுக்காமல் வலமும் இழுக்காமல் நேராக நின்றது. பழத்தட்டிலிருந்து ஒரு ஆப்பிள் மட்டும் உருண்டு முன்னால் வந்தது.

"அப்பா, நான் மாத்தளைக்கு வரல்ல" என்றான் சிவகரன், திரும்பி. "அந்தப் பொண்ணு வீட்டுலயும் பாவம், காத்துக்கிட்டு இருப்பாங்க. மொதல்லயே சொல்லியிருக்கணும், எனக்குத் தைரியம் இல்ல. நீங்க சொன்ன அந்த ராகலைப் பொண்ணு இவங்கதான்."

சித்தி பழத்தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் புள்ள… சிங்களமில்லையா?" என்றார் வீரபத்திரன்.

பிரியந்தி சீட்டில் திரும்பி உட்கார்ந்தாள்.

"இல்லீங்க. தமிழ்தான். லயத்துலதாங்க பொறந்தேன்."

"அப்ப… நாங்க பேசுனதெல்லாம்…"

"வெளங்குச்சுங்க. கொஞ்சம் வலிச்சுச்சு." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். "ஆனா அந்த அண்ணே கதையக் கேட்டப்ப சந்தோஷமா இருந்துச்சுங்க. இல்லாட்டி நான் பேசாம மாத்தளையில கொண்டுபோய் எறக்கிவிட்டுட்டு வந்திருப்பேன்."

வீரபத்திரன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குக் கோபமா வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை. அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேசியிருக்கிறோம் என்பது மட்டும் உறைத்தது.

"ஏங்க… மாத்தளைன்னு அப்பா போன்ல சொன்னப்பவே தெரியாதா?" என்றான் சிவகரன் மெதுவாக.

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"பொண்ணு எப்பிடி இருக்கான்னு பாக்கத்தான் வந்தேன்" என்றாள். அந்தப் பெரிய கண்கள் நிறைந்துவிட்டன. "நீங்க பொண்ணு பாக்கப் போறேன்னு சொன்னதிலேருந்து எனக்குத் தூக்கமில்ல. நல்லதுன்னு ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல்ல. பெரிய கடைக்காரவங்க வீடு… நானா போயி ஆசப்படுறதான்னு ஒரு வீம்பு. அந்த வீம்புலதான் அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அப்பிடிக் கூப்பிட்டா மனசு அடங்கிரும்னு நெனச்சேன்."

"அடங்குச்சா?"

"இல்ல."

"அப்ப… இப்பக் கூப்பிட்டது எந்த அய்யே?"

பின்னால் சித்தி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது தெரிந்தது. பிரியந்தி தலையைக் குனிந்துகொண்டாள். பின்னலின் நுனியைப் பிடித்துத் திருகினாள்.

"சுனில் பாஸோட பொஞ்சாதி கூப்புடுற அய்யே" என்றாள்.

சிவகரனுக்கு அழுகை வருகிற மாதிரியும் இருந்தது, சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது. குழம்பிப் போய், காலடியில் கிடந்த ஆப்பிளை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவளும் குழம்பிப் போய் அதை வாங்கிக்கொண்டாள்.

வீரபத்திரன் தொண்டையைச் செருமினார். போனைக் கையில் எடுத்தார்.

"மாத்தளைக்காரங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. இப்ப அவங்களுக்கு என்னன்னு சொல்றது?"

"பாதி வழியில பிரேக் புடிச்சிருச்சு, இனிமே வண்டி அங்க வராதுன்னு சொல்லுங்க" என்றாள் யோகேஸ்வரி. "பொய்யும் இல்ல. அடுத்த ஞாயித்துக்கெழம நான் நேர்ல போயி மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

அவர் மாத்தளைக்கு அப்படியே சொல்லிவிட்டுப் போனை வைத்தார். கண்ணாடியில் பிரியந்தியின் முகத்தைப் பார்த்தார். நங்கி என்று கூப்பிட வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

"மத்ததெல்லாம் வீட்டுக்குப் போயிப் பேசிக்குவோம். வண்டியத் திருப்பும்மா" என்றார். "பாத்து… மெதுவா."

"ஹரி மஹத்…" என்று பழக்கத்தில் ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கியரைப் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"சரிங்க மாமா."